டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீர்

மங்கலம்பேட்டையில் கடல் கிடையாது. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கும் பேரூராட்சி அது. கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு கடலூருக்கோ, சிதம்பரம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கோ போக வேண்டும். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படகு மோட்டாரில் பாதி தெரியும். கரண்ட் இல்லாத நேரத்தில் கொல்லையில் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜினை நாங்கள் ஆயில் இன்ஜின் என்போம். டீசல் தீர்ந்து அது நின்றுவிட்டால் மறுபடி ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, குமிழ் வருவது அடங்கி டீசல் சீராக வழியும்வரை பார்த்திருந்து, பிறகு முடுக்க வேண்டும். "காத்து புடிச்சிக்கிச்சி" என்பார்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் ஒரு மீனவர் அதே வார்த்தையை அதே சலிப்போடு சொல்லிக் கேட்டபோது, கரும்புக் கொல்லைக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று தோன்றியது.

கொல்லையில் இன்ஜின் நின்றால் ஒரு மடை காயும். கடலில் நின்றால் படகு காற்றின் கையில், நீரோட்டத்தின் கையில். பாக் நீரிணையில் இன்ஜின் பழுதாகி இழுபட்டு, தெரியாமலே எல்லை தாண்டிக் கைதானவர்களின் செய்தியை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். செய்தியில் 'இன்ஜின் கோளாறு' என்ற இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். சின்னப் படகு மோட்டார்களைப் பொறுத்தவரை அந்தக் கோளாறு பெரும்பாலும் எரிபொருளில் இருக்கும். அந்த எரிபொருள் எது என்பதைப் படகோட்டி முடிவு செய்வதில்லை. கரையில், அதுவும் கடலை விட்டு வெகுதூரத்தில், யாரோ முடிவு செய்கிறார்கள். என்ன வந்தாலும் அதில் மோட்டாரை ஓடவைக்கும் வேலை மட்டும் மீனவர் தலையில்.

1

படகின் பின்பலகையில் கவ்விக்கொண்டு, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் தூக்கிப்போகிற மோட்டார்தான் அவுட்போர்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் மில்வாக்கியில் அதை வியாபாரமாக்கினார். அவருக்கு முன்பே வேறு சிலர் செய்து பார்த்திருந்தார்கள். ஏரியில் உல்லாசமாகச் சுற்றுபவர்களுக்காகப் பிறந்த சாதனம் அது. ஆகவே பெட்ரோலில் ஓடியது.

அதை உழைப்பாளியின் கருவியாக ஆசியக் கரைகளில் இறக்கியது ஜப்பான். யமஹாவின் முதல் அவுட்போர்டு 1960இல் வந்தது, சுசுகியுடையது 1965இல். மீன் பிடிக்கிறவரால் பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பதைப் புரிந்துகொண்டு, மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களையும் அவர்கள் செய்தார்கள்.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் 1980களின் தொடக்கத்தில் இந்த மோட்டார்கள் வேகமாகப் பரவின. அது ஆசையால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. விசைப்படகுகளின் இழுவலைகள் கரையோர மீனை வாரிக்கொண்டு போயின. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலில் மோதல்கள் நடந்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்ததற்குப் பின்னணி இதுதான். கரையிலிருந்து மூன்று கடல்மைல் பாரம்பரியப் படகுகளுக்கு என்று சட்டம் சொன்னது. ஆனால் அந்த மூன்று மைலில் மீன் குறைந்துபோனால் என்ன செய்வது? துடுப்பையும் பாயையும் மட்டும் நம்பியிருந்தவருக்குத் தூரம் போக ஒரு மோட்டார் தேவைப்பட்டது. 1980இல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்று எல்லோரும் சொல்வது, ஒட்டுப்பலகைப் படகுகளோடு நிற்காமல் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. மோட்டாரை விற்பது சுலபம், அதை ஓடிக்கொண்டே இருக்கவைப்பதுதான் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2

மண்ணெண்ணெய் மோட்டாரின் குணம் விசித்திரமானது. குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. அதனால் அந்தப் படகில் இரண்டு டேங்க் இருக்கும். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். கயிற்றை இழுத்துப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, மோட்டார் சூடேறியதும் குழாய்த் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். இது பார்த்தாலே புரிந்துவிடும். புரியாத பாதி நிறுத்தும்போது வருகிறது. கரை நெருங்குவதற்குச் சில நிமிடம் முன்பே திருகை மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி ஓடவிட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் நிரம்பும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் மறுநாள் விடியற்காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழலும்.

நேற்று நிறுத்திய விதம் இன்றைக்கு ஸ்டார்ட் ஆவதைத் தீர்மானிக்கிறது. கைப்பழக்கத்தில் மட்டுமே தங்கும் அறிவு இது. நடுக்கடலில் வலை வீச நிறுத்தும்போதும் கணக்கு உண்டு. மோட்டார் சூடாக இருக்கும்போதே திரும்ப ஸ்டார்ட் செய்தால் மண்ணெண்ணெயிலேயே பிடித்துக்கொள்ளும். ஆறிப்போனால் பெட்ரோல் வேண்டும். சின்ன டேங்கில் பெட்ரோல் தீர்ந்திருந்தால், பெரிய டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் படகு மிதக்கிற கட்டைதான்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரியை விட்டுப்போகும். ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறினால் பொறி வராது. அதனால் கடலுக்குப் போகிறவரின் பெட்டியில் மாற்று பிளக்கும் அதற்கான ஸ்பேனரும் இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நாக்கை நீட்டச் சொல்லி வைத்தியர் பார்ப்பது மாதிரி. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம் அல்லது எரியவில்லை. வெள்ளையாக வெந்திருந்தால் எண்ணெய் போதவில்லை, எங்கோ அடைப்பு.

இந்த அறிவு போர்க்காலத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், பேட்டரி எல்லாம் தடைப்பட்டியலில். கடலுக்குப் போவதற்கும் படகு மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் கட்டுப்பாடு. பெட்ரோல் தங்கத்துக்குச் சமமானபோது, யாழ்ப்பாணத்துச் சனங்கள் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்வது, சூடானதும் மண்ணெண்ணெய். கரையோரம் படகு மோட்டாரில் செய்த அதே வித்தை தெருவுக்கு வந்தது. போர் முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. மண்ணெண்ணெய் மோட்டாரை நம்பியிருந்த சின்னப் படகுகள் கரையேறின. அந்த முறை மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை.

3

கடலூர், சிதம்பரம் பக்கம் கதை வேறு. இங்கே கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். மணலில் இடித்துக்கொள்ளாமல் விசிறியை மேலே தூக்கிக்கொள்ள முடிகிற மோட்டார் வேண்டும். 1979இல் சென்னையில் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் இந்தப் பிரச்சினைக்காகவே கரையேறும் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. கடைசியில் சோழமண்டலக் கரையில் நிலைத்தது, நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் டீசல் மோட்டார். மீனவர்கள் லாங் டெயில் என்றும், இன்ஜின் கம்பெனியின் பெயரால் லம்பார்டினி என்றும் சொல்வார்கள். ஷேர் ஆட்டோவில் படபடத்த அதே வகை ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த மாற்றத்தை ஒரே அடியாக முடித்துவைத்தது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், கிள்ளை அருகே எம்.ஜி.ஆர். திட்டு, பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள குப்பங்கள் என்று கரை நெடுக இழப்பு. கட்டுமரங்கள் போன இடத்தில் நிவாரணமாக ஃபைபர் படகுகளும் டீசல் மோட்டார்களும் வந்தன. கொடுத்தவர்கள் பலர், படகு கொடுத்த எல்லோரும் பட்டறை கொடுக்கவில்லை. கட்டுமரத்தில் கட்டையையும் கயிற்றையும் அறிந்திருந்த ஒரு தலைமுறை, ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் கடலிலேயே கற்றுக்கொண்டது.

டீசலின் கோளாறு மூன்றுதான்: காற்று, தண்ணீர், அழுக்கு. காற்றைப் பற்றி மேலே சொன்னேன். தண்ணீர், பாதி காலியான டேங்கில் இரவில் வேர்த்து இறங்குவது; மழையில் திறந்து கிடந்த கேனில் விழுவது; அலைத் தெறிப்பில் புகுவது. தண்ணீர் எண்ணெயை விடக் கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். டேங்கின் உறிஞ்சுகுழாயும் அடியில்தான் இருக்கிறது. டீசல் இன்ஜெக்டரின் நுண்துளைக்கு உப்புத்தண்ணீர் போனால் துருதான். கிள்ளைப் பக்கம் ஒரு மெக்கானிக் சொன்னார்: "தம்பி, இன்ஜின் சும்மா நிக்காது. மொதல்ல இருமும், அப்பறம் மூச்சு வாங்கும், அதுக்கப்பறந்தான் நிக்கும். இருமும்போதே கவனிச்சா வூடு வந்து சேந்துடலாம்."

4

இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கும் மாற்றத்துக்கு வருகிறேன். ரேஷன் கடையின் நீலச்சாயம் போட்ட மண்ணெண்ணெயை மத்திய அரசு 2016 ஜூலையிலிருந்து சிறிது சிறிதாக விலையேற்றியது. சில ஆண்டுகளில் மானியம் முழுதாகக் கரைந்தது. ஏழை வீட்டு அடுப்புக்கு கேஸ் வந்துவிட்டது, இனி மண்ணெண்ணெய் எதற்கு என்பது வாதம். கடலிலும் அது எரிந்தது என்பதைத் தேசியக் கணக்கு ஓரக்குறிப்பாகத்தான் வைத்திருந்தது. மண்ணெண்ணெய் அருகிப்போக, கேரளத்திலும் குமரியிலும் பெட்ரோல் மோட்டாருக்கு மாறுவது பற்றிய பேச்சு வந்தது. அங்கே காத்திருப்பது எத்தனால்.

பெட்ரோலில் சாராயம் கலப்பது புது யோசனை கிடையாது. 1948இலேயே இந்தியாவில் பவர் ஆல்கஹால் சட்டம் இருந்தது. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. 2022 ஜூனில் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 2025இல் நாடு முழுக்கச் சராசரி ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

எத்தனாலின் முக்கிய மூலங்களில் ஒன்று கரும்பு. இங்கேதான் எங்கள் ஊர்ப்பக்கம் கதைக்குள் வருகிறது. பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கரும்பு அரைக்கிறது. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை. பெண்ணாடத்தில் ஒரு ஆலை ஓடியது. டிராக்டரில் கரும்பு ஏற்றிப்போய், கட்டுப்பட்ட பணத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த விவசாயிகளை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எத்தனால் வாங்கினால் ஆலைக்குக் காசு வரும், ஆலைக்குக் காசு வந்தால் கரும்புக்குக் காசு வரும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதை மறுத்துவிட்டு நான் மீனவர் பக்கம் மட்டும் பேச முடியாது. ஆனால் கொல்லையின் நியாயம் கடலில் வேறு முகம் காட்டுகிறது.

காரணம், எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் உள்ள ஆசை. சுத்தப் பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் உடனே அடியில் பிரிந்துவிடும். கண்ணால் பார்க்கலாம், வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. 10 சதவீதக் கலப்பில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி வரை தாங்கும். 20 சதவீதத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த எல்லை தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு மொத்தமாகப் பிரிந்து அடிக்குப் போய்விடும். மேலே இன்னும் பெட்ரோல் ஊற்றினாலும் பழையபடி சேராது. இரு ஸ்ட்ரோக் மோட்டாரில் உராய்வைத் தணிக்கும் டூ-டி ஆயில் பெட்ரோலோடுதான் மேலே நிற்கும். அடியில் தேங்கிய நீர்ச்சாராயத்தை மோட்டார் உறிஞ்சினால் எண்ணெய்ப்பசை இல்லாமல் பிஸ்டன் இறுகும் ஆபத்து. அது கயிற்றை இழுத்துச் சரியாகிற கோளாறு கிடையாது.

இதோடு, எத்தனால் பழைய டேங்கில் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டரில் கொண்டுவந்து அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து மென்மையாக்கும். அவுட்போர்டு தயாரிக்கும் பெரிய கம்பெனிகளின் கையேடுகள் பொதுவாக 10 சதவீத எத்தனால்வரைதான் ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பைக் கார்களுக்கு அனுமதித்தபோது படகு மோட்டார்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் பைக்குக்கும் காருக்கும் 20 சதவீதம் ஒத்துவருமா என்று டிவியில் விவாதம் நடந்தது. படகைப் பற்றி அங்கே யாரும் பேசி நான் பார்க்கவில்லை.

5

கரையில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கையேடுகள் சொல்வதையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். ஒரு நாள் யாருக்காவது உதவும்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் நன்றாக ஓடி, தளர்ந்து நின்றால் முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுக்கான சின்னத் திருகு ஒன்று உண்டு. தூக்கிப்போகும்போது சிந்தாமலிருக்க மூடுவோம். ஓட்டும்போது திறக்க மறப்போம். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வருவது நின்றுபோகும். கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைசியில் இந்தத் திருகைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப். அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். அழுத்தி அழுத்தி இறுகினால் எண்ணெய் வந்துவிட்டது. எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்று இருந்தால் எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இணைப்புகளையும் ஹோஸ் வெடிப்பையும் பார்க்க வேண்டும். ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு, அல்லது அதே காற்றுத் திருகு.

இரண்டும் சரியாக இருந்தும் இருமினால் தண்ணீர். ஃபில்டர் கிண்ணத்தையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் கோடு விழும். கோட்டுக்குக் கீழே இருப்பது உங்கள் எதிரி. மோட்டார் சூடாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம். ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தாமல் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். துளை பெரிதானால் அளவே மாறிவிடும்.

வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குப்பியில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், அடியில் இருக்கும் தண்ணீர் மட்டம் கூடியிருக்கும். கூடிய அளவுதான், கிட்டத்தட்ட, எத்தனால்.

இத்தனையும் வராமல் தடுப்பது எளிய காரியங்கள். கேனை மூடி நிழலில் வைப்பது, புனல் வழியாக வடிகட்டி ஊற்றுவது, கேனின் கடைசிக் கால் லிட்டரை டேங்கில் விடாமல் இருப்பது, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவது, டூ-டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாமல் கையேட்டு அளவில் கலப்பது, கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருக்காமல் தீர்ப்பது. மோட்டாரை ஓரங்கட்டும்போது ஹோஸைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலியாக்குவது.

6

இந்தக் கடைசி வரிதான் கடலில்லாத ஊர்களுக்கு முக்கியம். கடலூர் வெள்ள மாவட்டம். தென்பெண்ணை, கெடிலம், மணிமுத்தாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இதன் வழியாகவோ இதன் விளிம்பிலோதான் கடலைச் சேர்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருமழை, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும். 2015இல் சென்னைத் தெருக்களிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்து வீடுகளுக்கு நடுவிலும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். அந்தப் படகுகள் உடனே ஓடின. ஏனென்றால் முந்தின நாள்வரை அவை கடலில் ஓடிக்கொண்டிருந்தவை.

கிடங்கில் பத்து மாதம் கிடக்கும் ரப்பர் படகின் மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கும். டேங்கில் இருப்பது எத்தனாலும் ஈரமுமாகப் பிரிந்து கிடக்கும். தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறும் நேரத்தில் கயிற்றை இழுத்துப் பார்த்தால் அது இருமக்கூட இருமாது. வருடம் ஒருமுறை படகைக் கணக்கெடுக்கிறவர்கள் அதன் டேங்கைக் காலி செய்து, புது எண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். அதைக் கற்றுக்கொடுக்க வெளியூர் நிபுணர் வேண்டாம். பரங்கிப்பேட்டை, கிள்ளை, தேவனாம்பட்டினம் என்று எந்தக் கரையிலும் அந்த வேலையை இருட்டில் தடவியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்தால் போதும்.